கார் கதவில் போகாத கீறல்: வழி சொல்லுங்கள்

கறுப்பு கார். கதவுக் கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கீறல், யாரோ சாவியால் இழுத்த மாதிரி. தண்ணீர் பட்டால் மறைகிறது, காய்ந்ததும் வெள்ளைக் கோடாகத் திரும்பத் தெரிகிறது. அதனால் கிளியர் கோட்டோடு (நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு) நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு முனையில் மட்டும் நகம் லேசாக மாட்டுகிறது.

ரப்பிங் காம்பவுண்ட் (கீறலைத் தேய்த்து எடுக்கும் பசை) போட்டுத் தேய்த்ததில் சுற்றியிருந்த பொடிக் கீறல்கள் போய்விட்டன. இது அசையவே இல்லை. அடுத்து 2000, அப்புறம் 3000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் மெல்லிய உப்புத்தாள்) போடலாமா? பக்கத்திலேயே கதவின் மடிப்புக் கோடு போகிறது, அங்கே கோட்டிங் மெலிசாக இருக்கும் என்பதுதான் பயம். நகம் மாட்டும் இடத்துக்கு டச் அப் பெயின்ட்தான் வழியா? மெஷின் இல்லாமல் கையாலேயே செய்தவர்கள் சொல்லுங்கள். டூத்பேஸ்ட் யோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்!