ரூஸ்வெல்ட்டின் நியூ டீல்: ஏழைகளுக்கா, வெள்ளை ஏழைகளுக்கு மட்டுமா?

பொருநை:

இருபதாம் நூற்றாண்டின் சிறந்த அமெரிக்க அதிபர் யார் என்ற இழையில் பாதிப் பேர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். எல்லோரும் சொன்ன காரணமும் ஒன்றுதான்: 1933இல் நான்கில் ஒருவர் வேலையில்லாமல் தவித்த நாட்டை நியூ டீல் திட்டங்களால் தூக்கி நிறுத்தினார், முதியவர்களுக்கு ஓய்வூதியம் தந்தார், தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையைச் சட்டமாக்கினார். அங்கே இதைப் பேசினால் திசை மாறிவிடும் என்பதால் தனி இழை தொடங்குகிறேன்.

என் கட்சி இதுதான். அந்தத் திட்டங்கள் வெள்ளை ஏழைகளை மனதில் வைத்துப் போடப்பட்டவை. கறுப்பர்கள் ஏதோ கவனக்குறைவால் விடுபடவில்லை. அவர்களை விட்டால்தான் சட்டம் நிறைவேறும் என்று தெரிந்தே விட்டார்கள்.

பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். விலை அடிமட்டத்தில் கிடந்தது, விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும் என்று 1933இல் வேளாண் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு செடியாக நின்ற பருத்தியில் சுமார் ஒரு கோடி ஏக்கரை அப்படியே உழுது மண்ணில் அமுக்க அரசு காசு கொடுத்தது. காசு நிலத்துக்காரர் கைக்குப் போனது. விளைச்சலில் ஒரு பங்கு என்ற வாரத்துக்கு உழுதவனுக்கும் அந்தக் காசில் பங்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் அதைக் கண்காணிக்க வேண்டிய உள்ளூர்க் குழுவில் உட்கார்ந்திருந்தவர்களும் நிலத்துக்காரர்கள்தானே? சாகுபடி குறைந்ததும் ஆள் தேவைப்படவில்லை. குடிசையைக் காலி பண்ணச் சொன்னார்கள்.

இது வாஷிங்டனுக்குத் தெரியாமல் நடக்கவில்லை. 1935 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தின் சட்டப் பிரிவில் இருந்த ஜெரோம் ஃபிராங்க் குழுவினர், அரசுப் பணம் வாங்கும் நிலத்துக்காரர் பழைய குத்தகைக்காரர்களையே வைத்திருக்க வேண்டும் என்று சட்டத்துக்கு விளக்கம் கொடுத்தார்கள். அவர்களை வேலையை விட்டே தூக்கிவிட்டார்கள். வேளாண் அமைச்சர் ஹென்றி வாலஸ் அதற்கு உடன்பட்டார்.

அதே 1935 ஆகஸ்டில் முதியோர் ஓய்வூதியம் தந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதிலிருந்து பண்ணைக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் விலக்கினார்கள். அன்றைய கறுப்பின உழைப்பாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். கறுப்பர்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. சார்பில் சார்லஸ் ஹூஸ்டன் என்ற வழக்கறிஞர் செனட் குழு முன்னால் போய், பெரும்பான்மைக் கறுப்பர்கள் கீழே விழுகிற அளவுக்கே ஓட்டை போட்ட சல்லடை இந்த மசோதா என்று சொன்னார். கேட்டுக்கொண்டார்கள். அப்புறம் அப்படியே நிறைவேற்றினார்கள்.

காலச்சக்கரம்:

பொருநை, தகவல்களோடு எனக்குச் சண்டை இல்லை. தீர்ப்போடுதான் சண்டை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் அன்றைய கணக்கைப் பார்க்காமல் அதிபர் மனதில் என்ன இருந்தது என்று பேசுவது நியாயமில்லை.

ரூஸ்வெல்ட்டின் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தது, சரி. ஆனால் முக்கியக் குழுக்களின் தலைவர் பதவி மூப்பு அடிப்படையில் போனது. தெற்கு மாநிலங்களில் ஒரே கட்சி ஆட்சி என்பதால் அங்கிருந்து ஜெயித்து வந்தவர்கள் தோற்பதே கிடையாது, அதனால் மூத்தவர்களும் அவர்களே. சமூகப் பாதுகாப்பு மசோதா போன இரண்டு குழுக்களையே பாருங்கள். கீழவையில் வட கரோலினாவின் ராபர்ட் டவ்டன், செனட்டில் மிசிசிப்பியின் பாட் ஹாரிசன். இந்த இரண்டு பேரும் கையெழுத்துப் போடாமல் அமெரிக்காவில் ஒரு முதியவருக்கும் ஓய்வூதியம் கிடைத்திருக்காது.

1934இல் என்.ஏ.ஏ.சி.பி.யின் வால்டர் வைட் வெள்ளை மாளிகைக்கே போய், கறுப்பர்களைக் கும்பல் கூடிக் கொல்வதைத் தடுக்கும் மசோதாவை ஆதரிக்கச் சொல்லி ரூஸ்வெல்ட்டிடம் கேட்டார். சந்திப்புக்கு ஏற்பாடு செய்தவர் அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட். நான் இதை இப்போது ஆதரித்தால், நாடு நொறுங்காமல் இருக்க நான் கேட்கும் ஒவ்வொரு மசோதாவையும் தெற்குக்காரர்கள் மறித்துவிடுவார்கள், அந்த ஆபத்தை நான் எடுக்க முடியாது என்பதே அதிபரின் பதிலாக இருந்தது. இந்தப் பதில் கேட்கவே கசக்கிறது. ஆனால் பொய் அல்ல. 1937இல் கீழவையில் அப்படி ஒரு மசோதா நிறைவேறியது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் செனட்டில் தெற்கு உறுப்பினர்கள் வாரக்கணக்கில் பேசிப் பேசியே அதைச் சாகடித்தார்கள். அந்தச் சட்டம் கடைசியில் வந்தது 2022இல்.

பட்டினி கிடப்பவர்கள் இருக்கும்போது முழுச் சோறு கிடைக்கும்வரை அரைச் சோற்றையும் வேண்டாம் என்று சொல்ல அந்த நாற்காலியில் இருந்த யாராலும் முடிந்திருக்காது.

செங்காந்தள்:

ஓய்வூதியச் சட்டம் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு பேருமே "தெற்குக்காரர்கள் வெட்டினார்கள்" என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள்.

அதிபர் அமைத்த குழு தயாரித்த முதல் வரைவில் பண்ணைத் தொழிலாளர்களும் வீட்டுப் பணியாளர்களும் இருந்தார்கள். கீழவைக் குழு முன்னால் வந்து அவர்களை விலக்கச் சொன்னவர் நிதி அமைச்சர் ஹென்றி மார்கன்தாவ். அவர் நியூயார்க்காரர், ரூஸ்வெல்ட்டின் நெருங்கிய நண்பர். அவர் சொன்ன காரணம் வரி வசூல். சமையலறையில் கையில் கொடுக்கும் கூலிக்கும் அறுவடைக்கு அறுவடை இடம் மாறும் கூலிக்கும் கணக்கு வைத்து மாதாமாதம் பிடித்தம் செய்வது புதிய அமைப்பால் தாங்காது என்றார். பிரிட்டனும் தன் வேலையின்மைக் காப்பீட்டில் முதலில் விவசாயக் கூலிகளைச் சேர்க்கவில்லை. அப்புறம், இந்த இரண்டு தொழில்களில் விலக்கப்பட்டவர்களை எண்ணிக்கையாகப் பார்த்தால் பெரும்பான்மை வெள்ளையர்கள்தான்.

இதனால் நிறவெறி இல்லை என்று நான் சொல்லவில்லை. அது எந்த வரியில் நுழைந்தது என்பதைச் சரியாகக் காட்டினால்தான் வாதம் நிற்கும். என்னைக் கேட்டால் அது நுழைந்த இடம் முதியோர் உதவித்தொகைப் பிரிவு. அதை மாநிலங்கள் நடத்தும், மத்திய அரசு பாதிப் பணம் தரும். உதவித்தொகை கௌரவமாகவும் ஆரோக்கியமாகவும் வாழப் போதுமானதாக இருக்க வேண்டும் என்று வரைவில் ஒரு நிபந்தனை இருந்தது. வர்ஜீனியாவின் செனட்டர் ஹாரி பேர்ட் உள்ளிட்டோர் கொதித்தெழுந்து அதை எடுக்க வைத்தார்கள். அவர்கள் பயந்தது ஒன்றுக்குத்தான்: வயதான கறுப்பருக்கு வாஷிங்டனிலிருந்து கௌரவமான தொகை வந்தால், அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் கிடைத்த கூலிக்குப் பருத்தி எடுக்க வரமாட்டார்கள்.

பொருநை:

செங்காந்தள் அக்கா, பேர்ட் விஷயத்தை நீங்களே எடுத்து வைத்ததற்கு நன்றி. ஆனால் மார்கன்தாவ் வாதத்தை என்னால் அப்படியே விழுங்க முடியவில்லை. கணக்கு வைப்பது கஷ்டம் என்று அதிகாரி சொல்வது ஒன்று. அதைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் குழு தலையாட்டுவது இன்னொன்று. தொழிற்சங்க உரிமை தந்த வாக்னர் சட்டத்திலும் பண்ணைக் கூலிக்கும் வீட்டுப் பணியாளருக்கும் இடமில்லை. 1938இல் மணிக்கு 25 சென்ட் என்று குறைந்தபட்சக் கூலி வைத்தார்களே, அதிலும் பண்ணைக் கூலிக்கு இடமில்லை. சங்கம் சேர்வதில் என்ன வரி வசூல் சிக்கல்? மூன்று சட்டத்திலும் ஒரே ஓட்டை, மூன்றுக்கும் வாக்குப் போட்டவர்களும் ஏறக்குறைய அதே ஆட்கள்.

"விலக்கப்பட்டவர்களில் வெள்ளையர்களே அதிகம்" என்பது மக்கள்தொகைக் கணக்கு. அந்த இனத்தில் எத்தனை பங்கு பேர் வெளியே நின்றார்கள் என்பதல்லவா கேள்வி?

இந்தச் சட்டம் உள்ளே இருந்தவர்களுக்கு என்ன செய்தது என்பதையும் பார்ப்போம். முதல் மாதாந்திர ஓய்வூதியக் காசோலை 1940 ஜனவரியில் வெர்மான்ட் மாநிலத்தின் ஐடா மே ஃபுல்லர் என்ற பெண்மணிக்குப் போனது. வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலாளராக இருந்தவர். அவர் சம்பளத்திலிருந்து மூன்று ஆண்டுகளில் பிடித்தம் செய்த மொத்தத் தொகை 24 டாலர் 75 சென்ட். முதல் காசோலையே 22 டாலர் 54 சென்ட். நூறு வயதுவரை வாழ்ந்து மொத்தம் 22,000 டாலருக்கு மேல் வாங்கினார். நல்ல விஷயம், அவருக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். இப்போது 1935இல் 50 வயதான ஒரு சமையற்காரப் பெண்ணை அலபாமாவில் நினைத்துக்கொள்ளுங்கள். முறையாக வேலை பார்க்கும் வீட்டுப் பணியாளர்களும் பண்ணைக் கூலிகளும் சட்டத்துக்குள் வந்தது 1950 திருத்தத்தில். மற்றவர்களில் பலருக்கு 1954. அந்தப் பெண்ணுக்கு 1950இலேயே 65 ஆகியிருக்கும். அவர் உழைத்த ஆண்டுகள் எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது. காலச்சக்கரம் சொல்லும் அரைச் சோறு யாருக்குக் கிடைத்தது? இவருக்கு இலையே போடவில்லையே.

நள்ளிரவு வாசகன்:

வணக்கம். நான் பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவன். மூன்று பேருமே ரூஸ்வெல்ட் என்ன நினைத்தார், ஹாரிசன் என்ன நினைத்தார், மார்கன்தாவ் என்ன சொன்னார் என்றே பேசுகிறீர்கள். பாதிக்கப்பட்டவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பது இந்த இழையில் இன்னும் வரவில்லை.

1934 கோடையில் ஆர்கன்சா மாநிலத்தின் டைரோன்சா என்ற சின்ன ஊரில், வெளியேற்றப்பட்ட வாரக் குத்தகைக்காரர்கள் தெற்குக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே சங்கத்தில்! அந்தக் காலத்துத் தெற்கில், அந்த வட்டாரத்தில், இரண்டு இனத்தவரும் ஒரே அறையில் உட்கார்ந்து கூட்டம் போடுவதே உயிருக்கு ஆபத்து. அடித்தார்கள், சுட்டார்கள், ஊரைவிட்டுத் துரத்தினார்கள். சங்கம் கலையவில்லை. ஜெரோம் ஃபிராங்க் குழு வாஷிங்டனில் அந்த விளக்கத்தை எழுதியதே இந்தச் சங்கம் கொடுத்த நெருக்கடியால்தான்.

1941க்கு வாருங்கள். போர்த் தளவாடத் தொழிற்சாலைகளில் ஆள் எடுக்கிறார்கள், கறுப்பர்களை வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள். ரயில் படுக்கைப் பெட்டி ஊழியர்களின் சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ப், ஜூலை 1 அன்று ஒரு லட்சம் கறுப்பர்களைத் தலைநகருக்கு ஊர்வலமாக அழைத்து வருவேன் என்று அறிவித்தார். ரூஸ்வெல்ட் கூப்பிட்டுப் பேசினார், தள்ளிப்போடச் சொன்னார். ராண்டால்ப் அசையவில்லை. ஜூன் 25 அன்று பாதுகாப்புத் தொழில்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 8802ஆம் நிர்வாக ஆணையில் அதிபர் கையெழுத்திட்டார். ஊர்வலம் கைவிடப்பட்டது.

இதற்குக் காங்கிரஸ் வாக்கு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. பாட் ஹாரிசனின் குழுவைத் தாண்ட வேண்டியதில்லை. "வேறு வழியில்லை" என்ற வாதத்தை இங்கே எப்படிப் பொருத்துவீர்கள், காலச்சக்கரம் சார்?

காலச்சக்கரம்:

நல்ல கேள்வி. ராண்டால்ப் ஜெயித்ததை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 1941இல் ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது, தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும், உலகத்தின் கண் வாஷிங்டன் மேல் இருந்தது. 1935இல் அந்த நெம்புகோல் யார் கையிலும் இல்லை.

நீங்கள் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். 1932இல் வாக்குரிமை இருந்த கறுப்பர்களில் பெரும்பாலோர் அப்போது அதிபராக இருந்த குடியரசுக் கட்சியின் ஹூவருக்குத்தான் வாக்களித்தார்கள். லிங்கன் காலத்திலிருந்து குடியரசுக் கட்சிதான் அவர்கள் கட்சி. நான்கே ஆண்டில், 1936இல், பெரும்பான்மை அப்படியே ரூஸ்வெல்ட் பக்கம் திரும்பியது. வடக்கு நகரங்களின் கறுப்பர்கள் ஏமாளிகளா? டபிள்யூ.பி.ஏ. என்ற வேலைத் திட்டத்தில் லட்சக்கணக்கான கறுப்பர்களுக்குக் கூலி வந்தது. அதன் எழுத்தாளர் திட்டத்தின் ஆட்கள் 1936 முதல் 1938 வரை ஊர் ஊராகப் போய், அடிமையாகப் பிறந்து அப்போது உயிரோடிருந்த முதியவர்களைச் சந்தித்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குமூலங்களை எழுதி வைத்தார்கள். ஏலத்தில் அம்மாவை விற்ற நாளை அவர்கள் சொல்லச் சொல்ல அரசுச் சம்பளத்தில் ஒருவர் எழுதிக்கொண்டார். அதற்கு முன் எந்த அரசு அவர்களிடம் போய்க் கேட்டது? வெள்ளை ஏழைகளுக்கு மட்டுமான ஆட்சி என்றால் இது எங்கிருந்து வந்தது?

தெற்கை எதிர்த்து அவர் மோதவே இல்லை என்பதும் சரியல்ல. அதிபர் வேட்பாளருக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்ற பழைய கட்சி விதிதான் தெற்கின் கையில் இருந்த பூட்டு. 1936 மாநாட்டில் அதை எடுத்தார்கள். 1938இல் ஜார்ஜியாவின் வால்டர் ஜார்ஜ், தென் கரோலினாவின் எல்லிசன் ஸ்மித் போன்ற செனட்டர்களை உட்கட்சித் தேர்தலில் தோற்கடிக்க ரூஸ்வெல்ட்டே களத்தில் இறங்கினார். இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள்.

பொருநை:

டபிள்யூ.பி.ஏ. கூலி உண்மை. தெற்கில் பல மாவட்டங்களில் பருத்தி எடுக்கும் பருவம் வந்ததும் வேலைத் திட்டப் பெயர்ப்பட்டியலிலிருந்து ஆட்களை நீக்கி வயலுக்கு விரட்டியதும் உண்மை. வாக்குமூலங்கள் பற்றி நீங்கள் சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன்.

ஆனால் 1938 மோதல் இன நீதிக்காக நடந்தது அல்ல. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்டும் தன் திட்டத்தையும் கூலிச் சட்டத்தையும் எதிர்த்தவர்களைக் கட்சிக்குள் பழிவாங்கப் போனார், அவ்வளவுதான்.

வீட்டுக் கடனுக்கு எந்தச் சமாதானம் சொல்வீர்கள்? 1934இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வங்கிக் கடனுக்கு உத்தரவாதம் தந்தது. அதன் 1938 கையேடு, ஒரு குடியிருப்பில் எந்த இனத்தவர் இருக்கலாம் என்று பத்திரத்திலேயே கட்டுப்பாடு எழுதுவதைப் பரிந்துரைத்தது. டெட்ராய்ட்டில் 1941இல் ஒரு கட்டட முதலாளி வெள்ளையர்களுக்கு வீடு கட்ட நினைத்தார். பக்கத்தில் கறுப்பர் குடியிருப்பு இருந்ததால் உத்தரவாதம் கிடைக்கவில்லை. நடுவில் ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பினார். உத்தரவாதம் வந்துவிட்டது! அந்தச் சுவரின் பெரும்பகுதி இன்னும் நிற்கிறது. அந்தக் கையேட்டை எழுதச் சொல்லி எந்த செனட் குழுத் தலைவர் மிரட்டினார்?

செங்காந்தள்:

வீட்டுக் கடனில் நான் பொருநை பக்கம். இன்னொரு அரசு நிறுவனமான வீட்டு உரிமையாளர் கடன் நிறுவனம் நகர வரைபடங்களில் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டியதே, அதற்காகப் பகுதி வாரியாக நிரப்பிய படிவத்தில் அங்கே கறுப்பர் உண்டா இல்லையா, எத்தனை சதவீதம் என்று தனிக் கட்டம் இருந்தது. அடுத்த வரியில் யார் ஊடுருவுகிறார்கள் என்ற கேள்வி. கறுப்பர் தெருவுக்குக் கடன் கொடுக்காமல் இருப்பதைத் தனியார் வங்கிகள் முன்பே செய்துகொண்டுதான் இருந்தன. ஆனால் வங்கிக்காரரின் வெறுப்பை அரசே வாங்கி, முத்திரை குத்தி, நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் ஆக்கியது இந்தக் காலத்தில்தான். சம்பளத்தில் விட்டதைப் பின்னால் திருத்தலாம், 1950இல் திருத்தினார்கள். 1940களில் வாங்க விடாத வீட்டின் மதிப்பைப் பேரப்பிள்ளைகளுக்கு எந்தத் திருத்தத்தால் கொடுப்பது?

காலச்சக்கரம்:

வீட்டுவசதி நிர்வாகத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது வெட்கக்கேடு. ஆனாலும் முழுத் தராசையும் வையுங்கள். டெக்சாஸில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்றிருந்ததை 1944இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று உடைத்தது. தீர்ப்பை எழுதிய ஸ்டான்லி ரீட் ரூஸ்வெல்ட் நியமித்தவர். மாற்றுத் தீர்ப்பு எழுதிய ஓவன் ராபர்ட்ஸ் ஹூவர் நியமித்தவர். தெற்கின் பிடி தளர ஆரம்பித்தது அங்கிருந்துதான்.

பொருநை:

1944 தீர்ப்புக்குப் பிறகும் 20 ஆண்டு கழித்து மிசிசிப்பியில் வாக்காளர் பட்டியலில் ஏறியிருந்த கறுப்பர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. பாட் ஹாரிசனின் மாநிலம் அது. தீர்ப்பு வந்தபோது நீதித் துறையும் அரசு வழக்கறிஞர்களும் ரூஸ்வெல்ட் கையில்தான் இருந்தார்கள். பதிவு அலுவலகத்துக்குப் போனவர்களை அடித்து விரட்டியபோது அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதையும் அதே தராசில் வையுங்கள், காலச்சக்கரம் சார்.