மைக் செருகினால் ஸ்பீக்கர் நின்றுபோகிறது, குரலும் ஏறவில்லை (அவசரம்)

கணக்கு டீச்சர்:
லேப்டாப்பில் மைக் செருகினால் ஸ்பீக்கர் சத்தம் நின்றுபோகிறது. என் குரலும் ஏறவில்லை. கழற்றினால் எல்லாம் சரி. நாளை காலை 10 மணிக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு. யாராவது சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை:
என்ன லேப்டாப்? விண்டோஸா, லினக்ஸா? மைக் என்றால் ஹெட்செட்டா, தனி மைக்கா?

சில்வர் பீச்:
எந்த ஊர் டீச்சர்?

கணக்கு டீச்சர்:
கடலூர், தேவனாம்பட்டினம். விண்டோஸ் 11.

சில்வர் பீச்:
அப்போ உப்புக்காற்றுதான். நானும் அங்கேதான் இருக்கிறேன். என் ஹெட்போன் பின்னைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தேன், பஞ்சு பச்சையாக வந்தது. லேப்டாப்பை அணைத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த குச்சியால், பின் செருகும் ஓட்டையான ஜாக்கின் உள்ளே துடையுங்கள்.

மஞ்சக்குப்பம்:
சத்தத்துக்கான மென்பொருளான ரியல்டெக் டிரைவரை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். எனக்கு அதில்தான் சரியானது. செட்டிங்ஸில் மைக் அனுமதியையும் பாருங்கள்.

பழைய ரேடியோ:
தனி மைக்கா என்ற கேள்விக்கே பதில் வரவில்லை, அதற்குள் ஆளாளுக்கு வைத்தியம். இதை எத்தனையோ முறை எழுதிவிட்டேன், தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. அம்மா, பின்னில் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் இடது, வலது, கிரவுண்ட், மைக் என நான்கு தொடர்பு. இரண்டு என்றால் மூன்று தொடர்புதான். ஒரே ஜாக் உள்ள லேப்டாப் இரண்டு வளையப் பின்னை ஹெட்போன் என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ஸ்பீக்கர் நிற்கிறது.

முத்தியால்பேட்டை:
எல்லாவற்றுக்கும் உப்புக்காற்றைச் சொல்லாதீர்கள். கடலுக்கு நாலு தெரு தள்ளி ஆறு வருஷமாக என் லேப்டாப் ஓடுகிறது.

சில்வர் பீச்:
நாலு தெரு வேறு, கரை வேறு. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே இரண்டு வருஷத்தில் உதிர்கிறது.

முத்தியால்பேட்டை:
இரும்பு துருப்பிடிக்கும். பின்னுக்கு முலாம் இருக்கிறது.

சில்வர் பீச்:
முலாம் தேய்ந்தால்? பச்சை எங்கிருந்து வந்தது?

கணக்கு டீச்சர்:
எண்ணினேன், இரண்டுதான். தம்பியின் கேமராவுக்கு வாங்கிய காலர் மைக்.

பழைய ரேடியோ:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஒரு பக்கம் மூன்று வளையப் பின், மறுபக்கம் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் தனித்தனி ஓட்டை உள்ள ஸ்பிளிட்டர் வாங்குங்கள். இரண்டு ஹெட்போன் செருகும் ஸ்பிளிட்டரும் பார்க்க அப்படியே இருக்கும், மாற்றி வாங்கிவிடாதீர்கள். ஸ்பீக்கர் அப்போதும் நிற்கலாம், பிள்ளைகள் பேசுவது கேட்க ஒரு ஹெட்போனையும் செருகிக்கொள்ளுங்கள்.

கணக்கு டீச்சர்:
லாரன்ஸ் ரோட்டில் கடை மூடும் நேரத்தில் கிடைத்தது. குரல் ஏறுகிறது. நன்றி ஐயா, பாடம் தயார் செய்யப் போகிறேன்.