பழைய பெட்ரோல் பங்க் இருந்த இடமும் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகளும்

காங்கயம் பகுதியில் கண்காணிப்புப் பணியில் இருந்தவர்:

மூடப்பட்ட ஒரு பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டிகளைத் தோண்டி எடுத்த பிறகு, கசிந்த பெட்ரோல் கலந்திருக்கிறதா என்று சுற்றுவட்டார நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் பணியில் இருந்திருக்கிறேன். ஆற்று மணல் பூமிக்கான வழிமுறைகளை நம்பிக் கொங்குப் பகுதியில் இந்த வேலையைச் செய்ய முடியாது. இங்கே மேலே சில அடி செம்மண், அதன்கீழ் உக்கிய பாறை, அதற்கும் கீழே கெட்டிப்பாறை என்று இருப்பதால், ஆழத்துத் தண்ணீர் பாறை வெடிப்புகளின் வழியேதான் நகர்கிறது. தண்ணீர் மாதிரி எடுப்பதற்காகப் பங்கை ஒட்டிப் போட்ட கண்காணிப்புக் குழாய் சுத்தமாக இருக்க, வெடிப்பு போகும் திசையில் தள்ளியிருக்கும் கிணற்றில் பெட்ரோலில் உள்ள நச்சுப்பொருளான பென்சீன் தென்படலாம்.

நீர்மட்டம்தான் எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது. பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானதால் மேலே மிதக்கும். கோடையில் மட்டம் இறங்க இறங்கத் தானும் இறங்கி, வழியெல்லாம் மண்ணிலும் வெடிப்பிலும் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டம் ஏறும்போது அந்த ஒட்டல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும். வைகாசி மாதிரியில் ஒன்றும் இல்லை என்று வந்ததும், இத்தோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று இடத்துக்காரர் தரப்பில் கேட்டார்கள். மழைக்குப் பின் அதே குழாயில் எடுத்த மாதிரியில், உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லியிருக்கும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அளவைப் பென்சீன் தாண்டியிருந்தது. சில இடங்களில் இதற்கு நேர்மாறாக, மட்டம் இறங்கும்போதுதான் குழாயில் எண்ணெய் வந்து சேரும். எனவே நீர்மட்ட அளவு இல்லாமல் பென்சீன் அளவை மட்டும் தரும் அறிக்கையைப் பாதி அறிக்கையாகவே கொள்வேன். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இன்னொரு சிக்கல் உண்டு: மழையே இல்லாவிட்டாலும் வாய்க்காலில் தண்ணீர் விட்டால் மட்டம் ஏறிவிடும், மாதிரி எடுக்கும் தேதிகளை அதையும் பார்த்தே குறிக்க வேண்டும்.

கம்ப்ரசர் வைத்து இறைக்கும் ஆழ்துளைக் கிணற்றில் மாதிரி எடுத்துத் தருகிறேன் என்று யாராவது முன்வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். காற்றை உள்ளே செலுத்தித் தண்ணீரை மேலே தள்ளும் முறை அது. எளிதில் ஆவியாகும் பென்சீனில் பெரும்பகுதி அந்தக் காற்றோடு போய்விடும்.

பெருந்துறைப் பக்கம் விவசாயம் செய்பவர்:

எங்கள் கிணற்று நீரில் வானவில் நிறத்தில் படலம் மினுங்கியதைக் கண்டு, பங்கின் எண்ணெய்தான் வந்துவிட்டது என்று ஊரே பேசியது. மாதிரி எடுக்க வந்தவர் ஒரு குச்சியால் படலத்தைக் கலைத்துக் காட்டி, "இது சில்லு சில்லா உடையுதுங்க, இரும்புச் சத்துல வளர்ற பாக்டீரியாப் படலமுங்க, எண்ணெயா இருந்தா கலைச்சாலும் திரும்ப ஒண்ணு கூடிக்குமுங்க" என்றார். குச்சியை வைத்து முடிவு கட்டிவிடாமல், ஆய்வுக்கும் தண்ணீர் எடுத்துப் போனார். எங்கள் கிணற்று மேட்டில் ஐயன் காலத்து, டீசலில் ஓடும் ஆயில் இன்ஜின் கொட்டகை இருப்பதால், அந்த ஆய்வில் பென்சீன் தெரியவந்தபோது அது உங்கள் இன்ஜினில் சொட்டியதுதான் என்று பங்க் தரப்பில் வாதாடினார்கள். டீசலில் பென்சீனும் அதைப் போலவே எளிதில் ஆவியாகும் டொலுயீனும் மிகக் குறைவு, பெட்ரோலில்தான் அதிகம் என்பதால், எதெது எந்த அளவில் கலந்திருக்கிறது என்ற ஆய்வக அறிக்கையைக் காட்டியதும் அந்தப் பேச்சு நின்றுபோயிற்று.

கோவையில் நீர் ஆய்வகத்தில் பணிபுரிபவர்:

தயவுசெய்து குடிநீர் பாட்டிலில் மாதிரி கொண்டுவராதீர்கள். 40 மில்லி கண்ணாடிக் குப்பியை விளிம்பு ததும்ப நிரப்பி மூடி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு காற்றுக் குமிழிகூட மேலே ஏறக்கூடாது. பிறகு ஐஸ் பெட்டியில் வைத்து எங்களிடம் சேர்க்க வேண்டும். வரும் வழியில் வண்டிக்குப் பெட்ரோல் போட்ட கையோடு குப்பியைத் தொடுபவர்களும், ஜெனரேட்டரை ஓடவிட்டு அதன் பக்கத்திலேயே மாதிரி பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அதற்காகவே ஆய்வகத்திலிருந்து தூய நீர் நிரப்பிய ஒரு குப்பியையும் கூடவே கொடுத்தனுப்புகிறோம். திறக்கப்படாமல் திரும்பிவரும் அந்தக் குப்பியிலேயே டொலுயீன் தெரிந்தால், அன்றைய மாதிரிகள் அத்தனையையும் மறுபடி எடுக்கச் சொல்லிவிடுவோம்.