பூனைக்குட்டி எடுக்கப் போனால் வாலைத் தூக்கிப் பாருங்கள்

குளச்சலிலிருந்து ஒருவர்:
எங்கள் தெருவில், வலை போட்டு வைக்கும் புரையில், அதாவது கொட்டகையில், ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. "எது வேணும்னாலும் எடுத்துக்கோ மக்ளே" என்றார் அந்த வீட்டு மாமி. என் மகள் தூக்கிய குட்டி மடியில் அசையாமல் கிடந்தது. "பாவம், சாதுவா இருக்கு" என்றாள். எனக்கு அதுதான் உறுத்தியது. இரண்டு மாதக் குட்டி சாளை மீன் வாசம் வந்தும் எழும்பவில்லை என்றால் அது குணம் இல்லை, நோய். பிடரித் தோலைத் தூக்கி விட்டேன், உடனே படியாமல் மடிப்பாகவே நின்றது. உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. கண்ணின் உள்மூலைச் சவ்வும் பாதி ஏறியிருந்தது. மாமியிடம் சொல்லி அதை மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, எங்களைக் கண்டதும் வலைக்குள் ஓடி ஒளிந்த குட்டியை எடுத்தோம். மீன் வைத்ததும் மற்றதையெல்லாம் தள்ளிக்கொண்டு முதலில் வந்தது அதுதான். அன்று சீறியது, இப்போது விருந்தாளி மடியைக்கூட விடுவதில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து:
நான் முகத்தைப் பார்ப்பதே கடைசியில். முதலில் வாலைத் தூக்குவேன். பின்பக்க முடி ஒட்டிக் கிடந்தால் வயிற்றுப்போக்கு. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உருண்டிருந்தால் புழு. இதைப் பார்த்து "நல்லா தின்னிருக்கு" என்று சந்தோஷப்படுகிறவர்கள்தான் அதிகம்! காதுக்குள் காப்பித்தூள் மாதிரி கறுப்பாக இருந்தால் சிற்றுண்ணி. ஆனிச் சாரலில் ரப்பர் ஷீட் புரையில் ஒதுங்கிய குட்டி ஒன்றுக்கு ஈறு வெளுத்திருந்தது. முடியில் இருந்த கறுப்புப் பொடியை ஈரத்துணியில் தட்டினேன், சிவப்பாக ஊறியது. அது தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். புழு, தெள்ளு, காது உண்ணி மூன்றும் மருந்தில் போகும், அதற்காகக் குட்டியை ஒதுக்க வேண்டாம். தும்மலும் கண்பீளையும் அப்படி இல்லை. வீட்டில் வேறு பூனை இருந்தால் அதற்கும் ஒட்டும்.

நாகர்கோவிலிலிருந்து:
"கண்ணு நீலமா இருக்கு, வெளிநாட்டு ரகம்" என்று எனக்கு ஒருவர் விற்கப் பார்த்தார். எல்லாக் குட்டிக்கும் முதலில் கண் நீலம்தான், 6, 7 வாரத்தில் நிறம் மாறத் தொடங்கும். அதாவது அது தாயிடம் இருக்க வேண்டிய குட்டி. 8 வாரமாவது ஆகட்டும். அந்த வயதில் பெரும்பாலும் 800 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை இருக்கும், சமையலறைத் தராசே போதும். முதல் தடுப்பூசியும் ஏறக்குறைய அப்போதுதான், 3, 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடர வேண்டும். வெறிநாய்க்கடிக்கான ஊசி 12 வாரத்தில்.

குளச்சல்காரர் மறுபடி:
வளர்ந்த பிறகும் நீலக்கண் மாறாத முழு வெள்ளைப் பூனை என்றால் காது கேட்காமல் இருக்க வாய்ப்பு அதிகம். பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். கேட்காவிட்டாலும் வீட்டுக்குள் வைத்து நன்றாக வளர்க்கலாம். ரோட்டோர வீடு, கதவு எப்போதும் திறந்தே கிடக்கும் என்றால் மட்டும் வேண்டாம்.