தாடையில் சீழ்க்கட்டி எடுத்த முயலுக்கு எப்படி ஊட்டுவது?

எங்கள் முயல் பஞ்சுவுக்கு நான்கு வயது. கீழ்த்தாடைப் பல் வேரில் சீழ்க்கட்டி வந்து, செவ்வாயன்று பல்லோடு சேர்த்து அகற்றினார்கள். முயலின் சீழ் தயிர்க்கட்டி போலக் கெட்டியானது, தானாக வடியாது என்பதால் புண்ணைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். கழுவுவதில் சிக்கல் இல்லை, சாப்பாடுதான் சிக்கல். கொத்தமல்லித் தழையைக்கூட மோந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. குடல் இயக்கம் நின்றுவிடுமோ என்ற பயத்தில், ஊறவைத்து அரைத்த தீவனத்தை ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டுகிறேன். பாதி என் சட்டைக்குத்தான் போகிறது! புழுக்கையும் சிறுத்துவிட்டது, மாலையில் மருத்துவரிடம் மீண்டும் காட்டுகிறோம்.

இப்படி ஊட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள்: எப்படிப் பிடித்தால் திமிறாது? எத்தனை நாளில் தானாகப் புல் கடித்தது? வீட்டில் மிஞ்சிய அமாக்சிசிலின் சிரப்பைக் கொடுக்கச் சொல்லி மட்டும் யாரும் எழுதாதீர்கள். வாய்வழி கொடுத்தால் அது முயலின் உயிருக்கே ஆபத்து.