போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் வெளியிலிருந்து வீட்டு நாஸ் பெட்டி திறக்கவில்லை

பி.எம். ஆசிரியர் எழுதியது:

வணக்கம். நான் புக்கிட் மெர்தாஜாமில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். தோட்டப் பள்ளிகளில் பணியாற்றிய காலத்துப் படங்களையும், திருவிழாக்களில் பதிவு செய்த ஒலிநாடாக்களையும் கணினிக்கு மாற்றி, வீட்டில் உள்ள சினாலஜி நாஸ் பெட்டியில் (வலையமைப்பில் இணைத்து வைக்கும் சேமிப்புக் கருவி) சேமித்து வைத்திருக்கிறேன். கோலாலம்பூர் செராஸில் இருக்கும் மகளும் சிங்கப்பூரில் இருக்கும் மகனும் தங்கள் இடத்திலிருந்தே அவற்றைப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஃபைபர் இணைப்பு தந்த நிறுவனம் ஒரு மோடத்தைப் பொருத்திவிட்டுச் சென்றது. அதன் வைஃபை மாடி அறைக்கு எட்டாததால், கடையில் வாங்கிய டிபி-லிங்க் ரௌட்டர் ஒன்றை அதனுடன் இணைத்தேன். நாஸ் பெட்டி இந்த ரௌட்டரில்தான் செருகப்பட்டிருக்கிறது. அதன் முகவரி 192.168.0.20. வெளியிலிருந்து வரும் கோரிக்கையை நாஸ் பெட்டிக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் விதியை எழுத, ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'விர்ச்சுவல் சர்வர்' என்ற பகுதிக்குச் சென்று, வெளிப் போர்ட் 5001, உள் போர்ட் 5001, டிசிபி என்று பதிந்து சேமித்தேன். வீட்டுக்குள் எல்லாம் சரியாகத் திறக்கிறது. மகள் அங்கிருந்து முயன்றால் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் நின்றுவிடுகிறது.

ரௌட்டரில் 'இன்டர்நெட்' என்ற தலைப்பின்கீழ் ஐபி முகவரி 192.168.1.2 என்று இருக்கிறது. ஐபி முகவரியைக் காட்டும் இணையதளங்களில் பார்த்தால் முற்றிலும் வேறோர் எண் வருகிறது. மகளுக்குக் கொடுத்தது அந்த இரண்டாவது எண்ணைத்தான். நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தபோது, மோடத்தை அணைத்துப் போடும்படி மட்டுமே சொன்னார்கள். எங்கே தவறு என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செந்தூல் வலைஞர் எழுதியது:

வணக்கம் ஐயா. நீங்கள் பதிந்த விதியில் பிழை ஏதும் இல்லை. சிக்கல் நீங்கள் கடைசியில் குறிப்பிட்ட அந்த 192.168.1.2 என்ற எண்ணில் இருக்கிறது.

192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உள்ளே மட்டும் புழங்குவதற்காக ஒதுக்கப்பட்டவை. 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் அப்படிப்பட்டவையே. 1996ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1918 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இவற்றை வரையறுத்தது. உங்கள் ரௌட்டரின் இணையத்தை நோக்கிய பக்கத்தில் அத்தகைய முகவரி இருக்கிறது என்றால், அதற்கு முன்னால் நிற்கும் மோடமும் ஒரு ரௌட்டராகவே வேலை செய்து, தன் பங்குக்கு முகவரிகளை மாற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வெளியிலிருந்து 5001 என்ற போர்ட்டைத் தேடி வரும் கோரிக்கை முதலில் மோடத்தைத்தான் அடைகிறது. அதை யாருக்கு அனுப்புவது என்று மோடத்துக்கு யாரும் சொல்லவில்லை, ஆகவே அது கோரிக்கையை அங்கேயே கைவிட்டுவிடுகிறது. நீங்கள் ரௌட்டரில் எழுதிய விதிக்கு வேலையே வருவதில்லை. இப்படி முகவரி மாற்றுவதற்கு நேட் என்று பெயர்; அது இருமுறை நடப்பதால் இரட்டை நேட் என்று இதைச் சொல்வார்கள், கடையில் ரௌட்டர் வாங்கி மோடத்தில் செருகும் பல வீடுகளில் இதுதான் நிலை.

தீர்வு மூன்று வகையாக அமையலாம். மோடத்திலும் 5001 போர்ட்டை 192.168.1.2க்கு அனுப்பும்படி இன்னொரு விதி எழுதலாம். அல்லது உங்கள் டிபி-லிங்க்கை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றி, அதை வைஃபை பரப்பும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் கருவிகள் அனைத்தும் அப்போது மோடத்தின்கீழ் வந்துவிடும். மூன்றாவது, மோடம் ரௌட்டர் வேலையை விட்டுவிடும்படி அதை 'பிரிட்ஜ்' முறையில் வைத்து, இணைப்பின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ரௌட்டரிலேயே கொடுப்பது. டிஎம் நிறுவனத்தின் யூனிஃபை இணைப்பாக இருந்தால், ஒரே கம்பியில் வரும் சேவைகளைப் பிரித்துக் காட்டும் விலான் எண்ணையும் குறிப்பிட வேண்டும்: இணையத்துக்கு 500, தொலைக்காட்சிக்கு 600. நான் விரும்புவது மூன்றாவது வழியையே, ஆனால் அந்தக் கடவுச்சொல்லை நிறுவனத்திடமிருந்து கேட்டு வாங்குவதற்குக் கொஞ்சம் பொறுமை தேவைப்படும்.

இவற்றில் எதையும் தொடும் முன் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். 192.168.1.1 என்ற முகவரியில் மோடத்தின் பக்கத்தைத் திறந்து, இணையத்தை நோக்கிய பக்கத்தில் அதன் ஐபி முகவரி என்னவென்று பாருங்கள். உள்ளே நுழைவதற்கான பெயரும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் மோடத்தின் அடிப்பக்க ஒட்டுத்தாளில் இருக்கும்.

பி.எம். ஆசிரியர் எழுதியது:

மிக்க நன்றி. ஒட்டுத்தாளில் இருந்ததைக் கொண்டு உள்ளே சென்றுவிட்டேன். மோடத்தில் 100.78 என்று தொடங்கும் எண் இருக்கிறது. இணையதளம் காட்டும் எண்ணோடு இதுவும் ஒத்துப்போகவில்லை.

செந்தூல் வலைஞர் எழுதியது:

அஞ்சியது அதுதான், ஐயா. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள் இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் வலையமைப்புக்குள் பயன்படுத்துவதற்கென்றே 2012 ஏப்ரலில் ஒதுக்கப்பட்டவை. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு முகவரி பகிர்ந்தளிக்கும் ஏப்னிக் அமைப்பு, அதற்கு ஓராண்டு முன்பே, 2011 ஏப்ரலில், தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி முகவரி கொடுக்கப் போதிய இருப்பு இல்லாததால், பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைக்கும் சிஜிநேட் முறையை நிறுவனங்கள் கையாளுகின்றன.

வீட்டு எண் எழுதாமல் அடுக்குமாடிக் குடியிருப்பின் பெயரை மட்டும் எழுதி அனுப்பிய பொட்டலம் பாதுகாவலர் சாவடியோடு நின்றுவிடுவதைப் போல, உங்கள் மகளின் கோரிக்கை நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடுகிறது. அந்தக் கருவியில் விதி எழுத உங்களுக்கும் அனுமதி இல்லை, எனக்கும் இல்லை. மோடத்தையும் ரௌட்டரையும் எத்தனை முறை மாற்றி அமைத்தாலும் பயன் இருக்காது.

நிறுவனத்தை அழைத்து, "பொது ஐபி முகவரி வேண்டும், சிஜிநேட்டிலிருந்து என்னை விலக்குங்கள்" என்று இதே சொற்களில் கேளுங்கள். 'போர்ட் வேலை செய்யவில்லை' என்று சொன்னால் மீண்டும் அணைத்துப் போடத்தான் சொல்வார்கள். சில நிறுவனங்கள் கேட்டவுடன் மாற்றித் தருகின்றன, சில மாதக் கட்டணம் கேட்கின்றன, சில வணிக இணைப்புக்கு மட்டுமே தருகின்றன. கிடைக்கும் முகவரியும் அவ்வப்போது மாறக்கூடியதாக இருக்கலாம், அதற்கு, முகவரி மாறினாலும் புதியதையே சுட்டும் டிடிஎன்எஸ் பெயர் ஒன்றைச் சினாலஜியிடம் பதிந்துகொண்டால் போதும்.

ஜெலுத்தோங் நிர்வாகி எழுதியது:

இருவருக்கும் வணக்கம். செந்தூல் நண்பர் சொன்ன காரணம் சரியானது. எனக்கு இருக்கும் ஐயம் வேறு: 5001ஐ உலகத்துக்கே திறந்துவைக்கத்தான் வேண்டுமா?

அந்தப் போர்ட்டில் இருப்பது நாஸ் பெட்டியின் நிர்வாகப் பக்கம். இணையத்தில் திறந்திருக்கும் போர்ட்டுகளைத் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் தேடிக்கொண்டிருக்கின்றன. புக்கிட் மெர்தாஜாமில் ஓர் ஆசிரியரின் வீடுதானே என்று அவை விட்டுவிடப் போவதில்லை. 2014 ஆகஸ்டில் சினோலாக்கர் என்ற நிரல், இணையத்தை நோக்கித் திறந்திருந்த சினாலஜி பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டி, 0.6 பிட்காயின் கேட்டது. அது பயன்படுத்திய ஓட்டையைச் சினாலஜி முந்தைய டிசம்பரிலேயே அடைத்திருந்தது. மென்பொருளைப் புதுப்பிக்காதவர்கள்தான் சிக்கினார்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற நிரல் கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளிடம் இதே வேலையைக் காட்டியபோது, போர்ட் ஃபார்வர்டிங்கை நிறுத்திவைக்கும்படி கியூநாப் நிறுவனமே தன் பயனர்களைக் கேட்டுக்கொண்டது. வேறெங்கும் படி இல்லாத ஒலிநாடாப் பதிவுகளை இந்த ஆபத்தில் வைக்க நான் ஒப்பமாட்டேன்.

பொது முகவரி கிடைத்துவிட்டால், நாஸ் பெட்டிக்குப் பதிலாக, வீட்டு வலையமைப்புக்குள் பூட்டிய தனிவழி அமைத்துத் தரும் வயர்கார்டு விபிஎன்னுக்கு மட்டும் யுடிபி 51820 என்ற ஒரே போர்ட்டைத் திறக்கலாம். சரியான சாவி இல்லாதவருக்கு வயர்கார்டு பதிலே தராது என்பதால், தேடுபவர் கண்ணுக்கு அங்கே ஏதும் இருப்பதாகவே தெரியாது. முகவரி கிடைக்காவிட்டால் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை போதும். வீட்டிலிருக்கும் பெட்டியும் வெளியிலிருக்கும் கைப்பேசியும் தாங்களே வெளியே சென்று சந்தித்துக்கொள்வதால் சிஜிநேட் அதற்குத் தடையில்லை, நேரடி வழி அமையாதபோது இடைநிலைச் சர்வர் வழியாகச் செல்லும். சினாலஜியின் தொகுப்பு மையத்திலேயே அது கிடைக்கிறது. தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசத் திட்டமும் உண்டு. சினாலஜியின் சொந்தக் குயிக்கனெக்ட் வசதி இதைவிட எளிது. ஆயினும் இடைநிலைச் சர்வர் வழியே போகும்போது பெரிய ஒலிக்கோப்புகள் நத்தை வேகத்தில்தான் வரும்.

பி.எம். ஆசிரியர் எழுதியது:

நிறுவனத்தை அழைத்து, நண்பர் சொன்ன சொற்களிலேயே கேட்டேன். இம்முறை வேறொருவரிடம் மாற்றிவிட்டார்கள். வீட்டு இணைப்புகளுக்குப் பொது முகவரி தருவதில்லை என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். டெயில்ஸ்கேலை நாஸ் பெட்டியிலும் என் கைப்பேசியிலும் நிறுவினேன். வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, கைப்பேசியின் சொந்த டேட்டாவில் திறந்து பார்த்தேன், 1980களின் பள்ளி விளையாட்டுப் போட்டிப் படங்கள் வந்தன. மகளும் தன் கைப்பேசியில் நிறுவிப் பார்த்துவிட்டாள். நாஸ் பெட்டிக்கு இப்போது 100 என்று தொடங்கும் புதிய முகவரி ஒன்று வந்திருக்கிறது. இதுவும் சிஜிநேட் தானா?

ஜெலுத்தோங் நிர்வாகி எழுதியது:

இல்லை ஐயா. டெயில்ஸ்கேலும் அதே 100.64 தொகுதியிலிருந்துதான் தன் முகவரிகளை எடுக்கிறது; அது உங்கள் குடும்பத்தின் கருவிகளுக்கு இடையில் மட்டும் செல்லுபடியாகும். வைஃபையை அணைத்துச் சோதித்தது நல்லது, வீட்டுக்குள்ளிருந்து சோதிப்பவர்கள் பலர் அதன் முடிவை நம்பி ஏமாறுகிறார்கள்.

இன்னும் மூன்று வேலைகள் உண்டு. ரௌட்டரில் எழுதிய 5001 விதியை நீக்கிவிடுங்கள். அதே பக்கத்தில் யுபிஎன்பி இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள், ஏனெனில் வீட்டிலுள்ள எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமல் போர்ட் திறக்க அது இடம் தருகிறது. டெயில்ஸ்கேலில் ஒரு கருவியின் சாவி 180 நாட்களில் காலாவதியாகும் என்பது இயல்பான அமைப்பு. நிர்வாகப் பக்கத்தில் நாஸ் பெட்டிக்கு மட்டும் அந்தக் காலாவதியை நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து மகன் சிங்கப்பூரிலிருந்து அழைத்து, ஒன்றும் திறக்கவில்லை என்பார்.