சுற்றுச்சூழல் தொழில்நுட்பம் என்றால் எதெல்லாம் சேரும்?

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு பெல்லந்தூர் பக்கம் இருக்கிறேன். எட்டாவது படிக்கும் மகளுக்குப் பள்ளிக் கண்காட்சியில் இந்தத் தலைப்பு. சோலார், காற்றாலை தாண்டி அவளுக்கு எதுவும் தோன்றவில்லை.

எங்கள் அடுக்குமாடியின் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டியைக் காட்டினேன். அடியிலிருந்து காற்றை ஊதுகிறார்கள். பழுப்பு நிறத் தண்ணீர் உலை கொதிப்பதுபோல் புரள்கிறது. அந்தக் காற்று கிடைப்பதால் தண்ணீரில் பெருகும் பாக்டீரியாக்கள்தான் அழுக்கைத் தின்கின்றன. தெளிந்த நீர் கழிவறைக்கும் செடிகளுக்கும் போகிறது. 2017-இல் எங்கள் ஏரியில் தீப்பிடித்த புகையைப் பார்த்தவள் நான். கழிவுநீர் அப்படியே கலந்துகொண்டிருந்த ஏரி அது. அதனால் எனக்கு இந்தத் தொட்டிதான் முதலில் வருகிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். மழைநீர் சேகரிப்பு, சமையலறைக் கழிவு உரத்தொட்டி, எல்இடி விளக்கு இவையும் சேருமா? மழைநீர்த் தொட்டி வெறும் கட்டுமானம் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணா. புகையை வடிகட்டும் கருவி மட்டும்தான் கணக்கா, புகையே வராமல் செய்வதும் கணக்கா?

இந்தத் துறையில் இருக்கும் அண்ணன்கள், அக்காக்கள் கொஞ்சம் சொல்லுங்களேன். அட்டையும் பசையும் வாங்கியாச்சு, வெள்ளிக்கிழமை கொண்டுபோக வேண்டும்.